துண்டு போடாமல் விலை படியுமா?

கேள்வி: பொய்கை மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. பேசும் இருவருக்கும் தெரிந்துவிடும். இருவர் மனதிலுள்ள விலையும் அவரவரோடே இருக்க, பேரம் படியுமா என்பதை மட்டும் இரண்டு போன்கள் சொல்லுமா? தரகர் வேண்டாம்.
– வாசகர், பள்ளிகொண்டா

பதில்: சொல்லும். இரண்டு கோடீஸ்வரர்களில் யாரிடம் பணம் அதிகம் என்று 1982-ல் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரூ யாவ் போட்ட புதிர்தான் இது.

விலையை 0, 1 என்ற பிட்டுகளாக எழுதினால், 17 பிட்டில் ரூ.1,31,071 வரை அடங்கும். ஒரு மாட்டுக்குத் தாராளம். இரண்டு விலையையும் ஒப்பிடும் சர்க்யூட்டுக்கு 17 ஆண்ட் கேட் (இரண்டு உள்ளீடும் 1 என்றால்தான் விடை 1), மிச்சமெல்லாம் எக்ஸார் (இரண்டும் வேறு வேறு என்றால்தான் 1). விற்பவரின் போன், கேட்டுகளுக்குள் போய் வரும் ஒவ்வொரு கம்பிக்கும் 128 பிட்டில் இரண்டு லேபிள் (பார்த்தால் அர்த்தம் தெரியாத எண்) போடும்: 0-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று. இரண்டு உள்ளீட்டின் 0, 1 சேர்க்கை நாலு என்பதால் ஆண்ட் கேட்டுக்கு நாலு வரி. ஒவ்வொரு வரியின் விடை லேபிளையும் அந்த வரியின் இரண்டு உள்ளீட்டு லேபிள்களால் பூட்டி, வரிகளைக் கலைத்து அனுப்பும். வாங்குபவரிடம் கம்பிக்கு ஒரே லேபிள் என்பதால் ஒரு வரிதான் திறக்கும். கடைசி விடையைத் தவிர, அது 0-வா 1-ஆ என்று அவருக்கே தெரியாது. 2008-லிருந்து எக்ஸாருக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. 2015-ல் வந்த 'ஹாஃப் கேட்ஸ்' முறையில் ஒவ்வொரு ஆண்ட் கேட்டுக்கும் 32 பைட். 17 கேட்டுக்கும் சேர்த்து 544 பைட்.

சறுக்குவது வேறு இடத்தில். வாங்குபவர் தன் லேபிளைக் கேட்டு வாங்கினால் விலை வெளியாகிவிடும்; இரண்டையும் கொடுத்தால் விற்பவரின் ரகசியம் போச்சு. அதனால் 'அப்ளிவியஸ் டிரான்ஸ்ஃபர்': இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், எதை எடுத்தார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. பிட்டுக்கு ஒன்றாக 17 முறை.

கேள்வி: அதே சர்க்யூட்டை அடுத்த செவ்வாய்ச் சந்தைக்கும் வைத்துக்கொள்ளலாமா? படியும் என்றால் நடுவிலையையும் அதுவே சொல்லட்டுமே?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டுமே கூடாது. வாங்குபவர் இரண்டாம் முறை வேறு விலை போட்டால் ஒரே கம்பியின் இரண்டு லேபிளும் அவர் கைக்கு வரும். எக்ஸார் இலவசமாகக் கிடைப்பதே எல்லாக் கம்பியிலும் லேபிள்களுக்குள் ஒரே வித்தியாசம் இருப்பதால்தான். அது தெரிந்தால் சர்க்யூட் முழுக்கத் திறந்துகொள்ளும். புது சர்க்யூட் போட்டாலும், அதே மாட்டுக்கு 17 முறை பாதி பாதியாக வெட்டிக் கேட்டால் எதிராளியின் விலை துல்லியமாக வந்துவிடும். மாட்டுக்கு ஒரு தடவை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நடுவிலை இன்னும் மோசம்: அதை இரட்டித்துத் தன் விலையைக் கழித்தால் எதிராளியின் விலை!

விற்பவர் சர்க்யூட்டையே மாற்றிக் கட்டி அனுப்பும் கில்லாடி என்றால், பல சர்க்யூட் கட்டச் சொல்லி, வாங்குபவர் தன் இஷ்டத்துக்குச் சிலதைப் பொறுக்கித் திறந்து பார்த்துவிட்டு மீதியை ஓட்ட வேண்டும். 544 பைட் அப்போது பல மடங்காகும்.