கொள்ளைநோய் வந்தால் கலவரமும் வருமா?

பெருந்தொற்றுகள் மக்களைக் கலகத்தில் இறக்கிவிட்டிருக்கின்றனவா என்பது கேள்வி. இறக்கிவிட்டிருக்கின்றன. ஆனால் நான் படித்த வரையில், ஆட்களின் கோபம் நோய் மேல் கொஞ்சம்தான், நோயைச் சாக்கு வைத்து வீட்டுக்குள் நுழைந்தவர்கள் மேல்தான் நிறைய.

1897-இல் பூனாவில் பிளேக். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பூஜை அறை, பெண்கள் இருக்கும் இடம் என்று பார்க்காமல் தேடியதில், நோயாளிகளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய குடும்பங்களே அவர்களை ஒளித்து வைக்க ஆரம்பித்தன. அந்த ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்து முடிந்து திரும்பிய பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். அப்புறம் திலகரையும் ராஜதுரோக வழக்கில் உள்ளே போட்டார்கள். அதே வருடம் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இல் இந்தியா மறுபடி தூசி தட்டி எடுத்தது!

ஒளிந்துகொள்வது என்றதும் எனக்கு நம் கோலாலம்பூர்தான் ஞாபகம் வருகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியதால், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். பரிசோதனைக்கு வந்தால் பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் பிடிக்க மாட்டோம் என்று முன்னால் சொல்லியிருந்தார்கள், மே 1-இல் அதே இடத்தில் லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கள் கடைக்கு மூட்டை தூக்க வரும் தம்பி அதற்கப்புறம் காய்ச்சலில் கிடந்தும் கிளினிக் பக்கம் போகவில்லை, பனடோல்தான்.

இங்கிலாந்து வேறு மாதிரி. 1348-இல் வந்த பிளேக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்ததால் ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. உடனே 1351-இல் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தச் சட்டம் போட்டார்கள். அந்த எரிச்சல் உள்ளேயே கிடந்து, 1381-இல் ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வந்தபோது விவசாயிகள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள், 30 வருடம் கழித்து.

சரி, நம் ஊரில்? 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பு செய்தார்கள், 31-ஆம் தேதி இளைஞர்கள் அரசை எதிர்த்து கறுப்புச் சட்டையில் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம் பக்கம் கூடினார்கள், கல்லெறி எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் உதவி கேட்டு வீட்டில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். செந்தூலில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அம்மா பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். வெட்கமாக இருக்கிறது என்று அவர் அதைக் கட்டவே இல்லை, இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வந்து அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.