செல்போன் பேசினால் தலையில் கட்டி வருமா? ஆய்வுகள் ஏன் ஆளுக்கொன்று சொல்கின்றன?

உங்கள் வீட்டிலும் யாருக்கோ ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சும்மா இருப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நான் மருத்துவன் அல்ல, காரைக்குடியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவன். "செல்போன் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று எழுத வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2016இல் அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) இடக்காதின் நரம்பில் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். புற்று அல்ல, மெல்ல வளரும் வகை. சேதி பரவியதும் முகப்பில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் தீர்ப்பு எழுதினார்கள். "இருபது வருஷமாக அந்தக் காதிலேயே போன் என்றால் வராமல் என்ன செய்யும்?" ஆத்தாவும் (என் அம்மா) டாக்டரிடம் அதையே சொன்னார்.

நான் அப்பச்சியின் சிட்டையை, அதாவது தினச்செலவு எழுதும் நோட்டை, எடுத்தேன். ஒரு ரூபாய்க் கற்பூரத்துக்கும் அதில் ஒரு வரி எழுதுகிறவர் அவர். முதல் செல்போன் வாங்கியது 2004 ஆவணியில். ஆக, இருபது அல்ல, பன்னிரண்டு வருடம். 2013 வரை மாதத்துக்கு மூன்று ரீசார்ஜ். அதற்குப் பிறகு ஒன்று. 2015 முழுவதற்கும் நான்கே வரிகள். ஏன் என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். "இடக்காதில் சரியாக விழவில்லை. எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்தேன். வலக்காதுக்கு மாற்றினேன், பிறகு அதுவும் சலித்துவிட்டது."

ஆய்வுகளைக் குழப்புவதும் இதேதான். கட்டி வெளியே தெரிவதற்கு முன்பே அது ஆளின் பழக்கத்தை மாற்றிவிடுகிறது. தெரிந்த பிறகோ வீடே சேர்ந்து பழங்கதையைப் பெருக்குகிறது. 13 நாடுகளில் நடந்த இன்டர்போன் ஆய்வு, நோயாளிகளிடமும் நலமாக இருப்பவர்களிடமும் பழைய பழக்கத்தைக் கேட்டு எழுதியது. 2010இல் வெளியான முடிவில், போன் பேசுகிறவர்களுக்கு க்ளியோமா என்ற மூளைக்கட்டி சுமார் 19 சதவீதம் குறைவு என்று வந்தது! போன் மூளையைக் காக்கிறது என்று ஆய்வு செய்தவர்களே நம்பவில்லை.

காது நரம்புக் கட்டிக்கு 2011இல் தனியாகக் கணக்கிட்டார்கள். மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களை எடுத்துக்கொண்டு, நோய் தெரிவதற்கு ஓராண்டு முன்புவரை பேசியதை எண்ணினால், கட்டி வரும் வாய்ப்பு போன் பேசாதவர்களைப்போல் 1.32 மடங்கு. ஐந்தாண்டு முன்புவரை மட்டும் எண்ணினால் 2.79 மடங்கு. சிட்டையை எந்தத் தேதியில் மூடுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய பேச்சை யார் சரியாகச் சொல்வார்கள்? எங்கள் ஆத்தா எட்டு வருடத்தைக் கூட்டிச் சொன்னாரே. அதற்காக அந்த எண்ணைக் குப்பையில் போடவும் சொல்லவில்லை.

டென்மார்க்கில் ஞாபகத்தை நம்பாமல் 1982 முதல் 1995 வரை இணைப்பு வாங்கிய 4,20,000 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள், கட்டி கூடவில்லை. ஆனால் அலுவலகத்தின் பெயரில் வாங்கிய போனில் பேசியவர்கள் அந்தக் கணக்கில் போன் இல்லாதவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் சிம் என் பெயரில், பேசியது அப்பச்சி. முதலில் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பதுதான் ஒழுங்கான வழி. காஸ்மோஸ் ஆய்வு இரண்டரை லட்சம் பேரை அப்படித் தொடர்ந்தது. 2024இல் வந்த முடிவில் அதிகம் பேசியவர்களுக்குக் கட்டி கூடுதலாக வரவில்லை. நான் அதைத்தான் நம்புகிறேன், நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை.

    

அப்பச்சி இப்போது ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், தெருவுக்கே கேட்கிறது. சிட்டையில் ரீசார்ஜ் வரியும் தவறாமல் விழுகிறது.