அப்பாவைப் போலவே எனக்கும் சொந்தக்காரர்களிடம் 'முடியாது' என்று சொல்ல வரவில்லை. என்ன செய்வது?

எங்கள் வீட்டில் இது ஜாமீன் கையெழுத்தாக இறங்கி வந்தது. தாத்தா தம்பிக்காகப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கிணற்றடி நிலத்தை விற்றார். அப்பா சித்தப்பாவின் லாரி லோனுக்குப் போட்டார். கிராஜுவிட்டியில் பெரும்பகுதி அதற்கே போனது. இரண்டையும் வீட்டில் பெருமையாகத்தான் சொல்வார்கள், "கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டார்" என்று. நிலம் போன கதையைப் பாட்டி மட்டும் அடுப்படியில் முணுமுணுப்பார்.

மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இருவருக்குள் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள் என்று சொல்லி, அதற்கு முக்கோணம் என்றே பெயர் வைத்தார். ஒரு தாளில் மூன்று தலைமுறையையும் எழுதிப் பாருங்கள்: யார் யாருக்குக் கொடுத்தார், யாரோடு பேச்சு நின்றது, கோரிக்கை யார் வாய் வழியாக வந்தது. நான் எழுதியபோது கடைசிக் கேள்விதான் கண்ணைத் திறந்தது. எங்கள் வீட்டில் யாருமே நேராகக் கேட்டதில்லை. மாமா அம்மாவிடம் சொல்வார். அம்மா எனக்கு ரசம் ஊற்றும்போது, "அவன் கேக்கக் கூச்சப்படறான்டா" என்று ஆரம்பிப்பார். மறுத்தால் அம்மாவை மறுத்ததாகிவிடும். அப்பாவும் பாட்டி கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதனால் மாமாவுக்கே போன் போட்டேன். "மாமா, அம்மா சொன்னாங்க. நான் யாருக்கும் ஜாமீன் போடறதில்ல. பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு என்னால ஆனதைத் தர்றேன், திருப்பித் தர வேணாம்." காரணம் அடுக்கவில்லை. அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மாப்ள" என்றார். ஃபார்மாலிட்டி இல்லை: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வாங்கியவரை விட்டுவிட்டு வங்கி நேராக உங்களிடமே வரலாம். இதை மாமாவிடம் சொல்லி வாதாடவில்லை, எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எதிர்ப்பு வரும், அதற்குத் தயாராக இருங்கள். "படிச்சதும் மாறிட்டான்" என்றார்கள். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு அத்தை மட்டும்தான் வந்தார். "என் முகத்துக்காகவாவது போடேன்" என்று அம்மா அழுதார். அம்மாவிடம், "உன்மேல கோபமில்ல, இனிமே மாமா என்கிட்டயே கேக்கட்டும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. உறவை ஒரேயடியாக வெட்டுவதும் குடும்பத்தில் தொற்றும். எங்கள் பெரியப்பா வெட்டிக்கொண்டார், இப்போது அவர் மகன் அவரோடு பேசுவதில்லை.

அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்புதான்; பெண்கள் 181க்கு அழைக்கலாம்.

மாமா வேறொருவர் ஜாமீனில் லோன் வாங்கி, தவணையை ஒழுங்காகவே கட்டி வருகிறார். அதற்காக நான் போட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றவில்லை.