அமெரிக்காவில் நடைத்தடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

மலையேற்றம், சைக்கிள் தடங்களை அமைக்கவும் பராமரிக்கவும் அமெரிக்காவில் யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியமான ஒரு வழி, எரிபொருள் வரி. சாலைக்கு வெளியே ஓடும் பைக், பனிவண்டிகளுக்குப் போடும் பெட்ரோலுக்கும் மத்திய அரசு வரி வாங்குகிறது. அதில் ஒரு பகுதியைத் தடங்களுக்கே திருப்பிவிடும் திட்டம் 1991-இல் சட்டமானது. 30 சதவீதம் மோட்டார் வாகனத் தடங்களுக்கு, 30 சதவீதம் நடை, சைக்கிள், குதிரைத் தடங்களுக்கு, மீதி பலவகைப் பயன்பாட்டுக்கு.

பொதுவாகச் செலவில் 80 சதவீதம் வரை மத்திய நிதி கிடைக்கும். மிச்சத்தை மாநிலமோ உள்ளூர் அமைப்போ திரட்ட வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பையும் அந்தப் பங்கில் கணக்குக் காட்டலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். தடத்தின் குறுக்கே மழைநீர் வடிய வெட்டிய வாய்க்கால் தூர்ந்துபோனால், தண்ணீர் தடத்திலேயே ஓடி மண்ணை அரித்துவிடும். மண்வெட்டியோடு போகிற பத்துப் பேர் அதைத் தடுத்துவிடலாம். பராமரிப்புக்கும் இந்த நிதி உண்டு. விண்ணப்பிக்கும்போது அதையும் கேளுங்கள்.