மூன்றாவது முறை நின்ற வண்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யமஹா எஸ்ஆர்400 மோட்டார் சைக்கிள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். நான் ஜப்பானில், ஹமமட்சுவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர் 2021இல் வந்த 'ஃபைனல் எடிஷன்' ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உறையை விலக்கித் துடைப்பார். ஓட்டி நான் பார்த்ததில்லை. 24 குதிரைத்திறன், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, 43 வருஷமாக அதே வண்டி. அதற்கு ஒரு கடைசிப் பதிப்பு, அதற்கும் மேலே 'லிமிடெட்' என்று இன்னொன்று. இது வியாபார உத்தி இல்லாமல் வேறென்ன? மாறாமலே கிடந்த ஒன்றுக்கு எதற்கு இத்தனை துக்கம்?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

வியாபார உத்திதான். சாதாரண ஃபைனல் எடிஷன் 6,05,000 யென். ஆயிரம் வண்டிகள் மட்டுமே என்று அறிவித்த லிமிடெட் 7,48,000 யென். கூடுதல் காசுக்கு இஞ்சினில் ஒன்றும் கிடைக்காது. டாங்கில் கையால் அடித்த சன்பர்ஸ்ட் பெயின்ட், பித்தளைச் சின்னம், வரிசை எண், இப்படிச் சில. இதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் 'மாறாமலே கிடந்தது' என்கிறீர்களே, அது சரியில்லை.

அந்த வண்டி பிறந்ததே சட்டப் புத்தகத்தைப் பார்த்துத்தான். 1978இல் எஸ்ஆர்500உம் 400உம் சேர்ந்து வந்தன. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீட்டர். 500இல் பிஸ்டன் 84 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், 400இல் 67.2. ஏன் குறைத்தார்கள்? ஜப்பானில் 1975 முதல் நடுத்தர உரிமம் 400 சிசியோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்ட வேறு உரிமம், அன்றைக்குக் கடினமான தேர்வு. சின்ன உரிமம் வைத்திருந்தவர்களுக்காகப் பெரிய வண்டியைக் குட்டையாக்கினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு வந்த வண்டிக்கு 1985இல் டிரம் பிரேக் மாட்டினார்கள். உலகமே டிரம்மிலிருந்து டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது! பழசாகத் தெரிய வேண்டும் என்று வண்டி தானே வயதைக் கூட்டிக்கொண்டது. டிஸ்க் திரும்பி வர 2001 ஆயிற்று.

2008இல் புகை விதிகளால் தயாரிப்பு நின்றது. எஸ்ஆரைப் போலக் காற்றில் குளிரும் இஞ்சினுக்கு இதில் எப்போதும் தலைவலி. தண்ணீரில் குளிரும் இஞ்சின் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். இது வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் ஒரு சூடு, குளிரில் நெடுஞ்சாலையில் போனால் வேறொரு சூடு. சூட்டில் உலோகம் விரியும் என்பதால் பிஸ்டனைச் சுற்றி இடைவெளியைத் தாராளமாக விட்டாக வேண்டும். எரிபொருள் கலவையை நூல் பிடித்தாற்போல் வைப்பதும் கஷ்டம். ஆனால் 2009 முடிவதற்குள் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு வண்டி திரும்பி வந்தது. வெளியே பார்த்தால் அதே டாங்க், சிலிண்டரைச் சுற்றி அதே விலாவரிகள், அதே கிக்கர். 2017இல் மறுபடி நின்றது, 2018இல் மறுபடி வந்தது. இந்த முறை பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் ஒன்று சேர்ந்தது. அதை மட்டும் அவர்களால் ஒளிக்க முடியவில்லை. சட்டத்தின் முன்பக்கம் கறுப்பு டப்பாவாகத் தொங்கியது. (சட்டம் என்று நான் சொன்னது ஃபிரேமை. மற்றதையும் சேர்த்துக்கொண்டாலும் தப்பில்லை.)

மூன்றாவது முறை தப்பவில்லை. ஏற்கெனவே விற்பனையில் இருந்த வண்டிகளுக்கும் 2021 அக்டோபர் முதல் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, கட்டாயம். அடுத்த ஆண்டே புதிய புகை விதி. ஏபிஎஸ்ஸுக்குக் கருவி, சென்சார், வயர் எல்லாம் வேண்டும். அந்த ஒல்லி உடம்பில் அதையெல்லாம் வைத்த பின் அது எஸ்ஆர் மாதிரி இருக்குமா என்பது என் சந்தேகம். அவர்களுக்கும் இருந்திருக்கும்.

ஆகவே உங்கள் நண்பர் துடைத்துக்கொண்டிருப்பது 1978ஐ அல்ல. 1978 மாதிரித் தெரிவதற்காக நாற்பது வருஷம் பாடுபட்ட பொறியாளர்களின் வேலையை. எனக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் மரியாதை, பித்தளைச் சின்னத்தின் மேல் அல்ல. துடைத்தே வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடாமல் நிற்கும் ஒற்றை சிலிண்டர் வண்டி வெறும் பித்தளைக் குத்துவிளக்கு.

ஒருநாள் கிக்கரை மிதிக்கக் கேட்டுப் பாருங்கள். என் பெரியப்பாவின் பழைய வண்டியில் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்போம். எஸ்ஆரில் சிலிண்டர் தலையின் வலப்பக்கம் அதற்கென்றே சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை இடது கையில் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஜன்னலில் குறி தெரிந்ததும் லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, தயங்காமல் ஒரே மிதி. அரை மனதோடு மிதித்தால் திருப்பி உதைக்கும். செருப்போடு போகாதீர்கள்.