அட்டையிலிருந்து கணினிக்கு: இயன்முறை சிகிச்சை கேள்வி பதில்

இயன்முறை சிகிச்சை எனப்படும் பிசியோதெரபி குறித்து வந்த கடிதங்களுள், கணினிப் பதிவு, செயலி, காணொளி வழிச் சிகிச்சை ஆகியவை பற்றியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறிய பிசியோதெரபி மையம் நடத்திவருகிறேன். நோயாளிகளின் விவரங்கள் அனைத்தும் அட்டைகளில் உள்ளன. கணினிக்கு மாற விரும்புகிறேன். விற்பனையாளர் காட்டிய மென்பொருளில் மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு என்று எல்லா வசதிகளும் இருக்கின்றன. வாங்கலாமா?
— பிசியோதெரபிஸ்ட், ஈரோடு

பதில்: மருந்துச் சீட்டு எழுதும் வேலை உங்களுக்கு இல்லை, ஆகவே, அவர் பெருமையாகக் காட்டியவற்றுள் பாதி உங்களுக்குப் பயன்படாது. பொது மருத்துவருக்கென்று உருவாக்கிய மென்பொருளின் முகப்பில் பெயரை மட்டும் மாற்றி நம்மிடம் கொண்டுவருவது புதிதன்று. தோள்பட்டை இறுகிப்போன ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, விற்பனையாளரின் எதிரிலேயே அவருடைய விவரங்களைப் பதிந்து பாருங்கள். வலமா இடமா, நோயாளி தாமாகக் கையைத் தூக்கும்போது எத்தனை டிகிரி, நாம் தூக்கிவிடும்போது எத்தனை டிகிரி என்பவற்றைத் தனித்தனியே எண்ணாகப் பதிய இடம் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து எடுக்கும் அளவு, முந்தைய அளவுக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். இவை அனைத்தையும் ‘குறிப்பு’ என்னும் ஒரே கட்டத்துக்குள் தட்டச்சு செய்யச் சொன்னால், நீங்கள் வாங்கப்போவது மின்சாரம் செலவாகும் இன்னோர் அட்டைதான்.

நோயின் பெயரை மட்டும் பதிவதும் நமக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பின்படி, கீழ்முதுகு வலிக்கு எம்54.5 என்பது குறியீடு. நாள் முழுவதும் விசைத்தறியின் முன் நிற்பவருக்கும், நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்கும் அதே குறியீடுதான். ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, குனிந்து ஒரு குடத்தைத் தூக்க முடிகிறதா என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே அதே நிறுவனம் ஐ.சி.எஃப். என்னும் செயல்திறன் வகைப்பாட்டை 2001இல் ஏற்றுக்கொண்டது. அதில் வலி உணர்வுக்கு பி280, மூட்டு அசைவுக்கு பி710, நடத்தலுக்கு டி450 என்று குறியீடுகள் உள்ளன. பாதிப்பின் அளவை 0 முதல் 4 வரையிலான எண்ணால் குறிக்கலாம். சிறிய மையத்தில் இத்தனையையும் பதிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளி மீண்டும் எந்த வேலையைச் செய்ய விரும்புகிறார் என்பதற்கு ஒரு வரியாவது இருக்கட்டும்.

கட்டங்கள் கூடினால் நன்மையும் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, நோயாளியின் செயல்குறைபாட்டைத் தனிக் குறியீடுகளால் தெரிவித்தால்தான் இத்தகைய சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் என்று 2013இல் விதித்தது. சிகிச்சையாளர்களின் வேலைப்பளு கூடியதே தவிர, சேர்ந்த தரவு எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படவில்லை. 2019இன் தொடக்கத்தில் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

விலை பேசும்போதே, நீங்கள் வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் உங்கள் தரவு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவில் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய அட்டைகளை ஆள் வைத்துத் தட்டச்சு செய்யும் வேலை வேண்டாம். ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் வருகிற புதியவர்களையும், அப்போது சிகிச்சையில் இருப்பவர்களின் சுருக்கத்தையும் மட்டும் ஏற்றுங்கள். மற்றவர்கள் திரும்பி வரும்போது அவர்களின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிகிச்சைக் குறிப்பைக் கையால் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறார்கள். பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையிலோ கணினியில் நேற்றைய குறிப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறார்கள். பிறகு எதற்காக இந்தப் பழைய முறையைக் கற்க வேண்டும்?
— பி.பி.டி. மூன்றாம் ஆண்டு மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் எழுதும் ‘சோப்’ (SOAP) என்னும் நான்கு பகுதிக் குறிப்பு முறை, லாரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த பதிவு முறையிலிருந்து வந்தது. 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளால் அது பரவலாக அறியப்பட்டது. நோயாளி சொன்னது, நாம் அளந்தது, அவ்விரண்டிலிருந்தும் நாம் எடுத்த முடிவு, அடுத்துச் செய்யப்போவது என்று பிரித்து எழுதும்போது, சிகிச்சையாளர் எப்படிச் சிந்தித்தார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்; பிழை இருந்தால் எந்தப் படியில் நேர்ந்தது என்பதும் தெரியும். இது கணினிக்கு எதிரான பழைய முறை என்று எண்ண வேண்டாம். அதே வீட், 1970களில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில், திரையைத் தொட்டுப் பதிவு செய்யும் கணினி அமைப்பைத் தம் குழுவினருடன் உருவாக்கினார்.

நகலெடுப்பதால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு மருத்துவமனையில் நேரில் கண்டேன். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாவின் கணினிப் பதிவில், ‘முழங்கால் மடக்கம் 60 டிகிரி, வாக்கர் உதவியுடன் நடக்கிறார்’ என்ற வரி ஒன்பது நாள்கள் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோதே, அவர் கைத்தடி மட்டும் ஊன்றி அறைக்குள் நடந்து வந்தார். அவர் தேறியதற்கு எந்தச் சான்றும் பதிவில் இல்லை. ஒருவேளை இடையில் மடக்கம் குறைந்திருந்தால், அதற்கும் சான்று இருந்திருக்காது.

கையால் எழுதுவதில் தனிப் புனிதம் ஏதும் இல்லை. அளந்த பிறகே எழுதும் பழக்கம் வருகிற வரை அந்த வேகக்குறைவு உதவுகிறது, அவ்வளவே. ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். கற்பனை நோயாளி ஒருவரின் விவரத்தை ஒரு மாணவர் கணினியில் பதியட்டும். அந்தப் பதிவை மட்டும் படித்துவிட்டு இன்னொருவர் சிகிச்சையைத் தொடரட்டும். என்னென்ன எழுதாமல் விடுபட்டன என்பது சில நிமிடங்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

கற்பதற்காக என்று நோயாளியின் காணொளியை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். முகத்தை மறைத்தாலும், குரலையும் நடையையும் கொண்டு ஊரார் அடையாளம் கண்டுகொள்வார்கள். தனிநபர் தரவைக் காப்பதற்கு 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

கேள்வி: பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் தந்தைக்குக் காணொளி வழியாகப் பயிற்சி தர ஒருவர் முன்வந்துள்ளார். கைப்பேசி கேமராவே மூட்டின் கோணத்தை அளந்துவிடும் என்கிறார். நம்பலாமா?
— வாசகர், தேனி

பதில்: முதல் மதிப்பீடு நேரில் நடக்கட்டும். தசை இறுக்கத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் ஆஷ்வொர்த் அளவுகோலுக்குச் சிகிச்சையாளர் தம் கையால் மூட்டை அசைத்துப் பார்க்க வேண்டும்; அதைத் திரை உணராது. சமநிலையைச் சோதிக்கும் பெர்க் அளவுகோலில் 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண்கள். அவற்றுள் ஒற்றைக் காலில் நிற்பதும் ஒன்று. தந்தை சாய்ந்தால் பிடிக்கப் பக்கத்தில் பழகிய ஆள் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

கேமரா கோணத்தைக் கணிக்கும் என்பது உண்மையே. ஆனால் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் என்னும் கருவியால் முழங்காலை அளக்கும்போது, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மேடு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் வெளிப்புறம் ஆகிய மூன்றையும் தொட்டுப் பார்த்துக் கருவியை வைக்கிறோம். வேட்டிக்குள் அவை எங்கே இருக்கின்றன என்பதைக் கேமரா ஊகிக்கத்தான் முடியும். கால் கேமராவுக்குச் சரியான பக்கவாட்டில் இல்லாவிட்டாலும் கோணம் தவறும். அரைக்கால் சட்டை அணிவித்து, கைப்பேசியை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வைத்து எடுத்தால், வாரத்துக்கு வாரம் ஒப்பிடும் அளவுக்குப் பயன்படும். செய்த பயிற்சியைச் சரிபார்ப்பதற்கும், வீட்டுக்குள் அவர் எழுந்து நடக்கும் விதத்தைப் பார்ப்பதற்கும் காணொளி நன்றாகவே உதவும்.

வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஆபா எண் இல்லாவிட்டால் சிகிச்சை கிடைக்காதா?
— வாசகி, கடலூர்

பதில்: கிடைக்கும். ஆபா என்பது ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்கு மத்திய அரசு தரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்; அதைப் பெறுவது அவரவர் விருப்பம். பெற்றுக்கொண்டாலும், ஒரு மையத்தில் உள்ள உங்கள் பதிவை இன்னொரு மையம் பார்ப்பதற்கு உங்கள் ஒப்புதல் தேவை. யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைப் படித்துப் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.