ஓட்டுச் சுவரும் மூலைத் திருப்பமும்

கேள்வி: கைத்தறிப் போர்வைக்கு டிசைன் போடுகிறேனுங்க. டிசம்பரில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் போகிறேன். அங்கே வீட்டு முகப்புகளில் பதித்திருக்கும் அசுலேஜு என்ற பளபளப்பான சித்திர ஓடுகள், மரக்கதவுச் செதுக்கல் இவற்றைப் படமெடுத்து டிசைனுக்குப் பயன்படுத்த ஆசை. ஆனால் பளபளப்பான எதை எடுத்தாலும் வெள்ளையடிக்கிறது. என்ன செய்யலாமுங்க?
– வாசகி, சென்னிமலை

பதில்: முதலில் வெயிலைக் கணக்குப் பண்ணுங்கள். டிசம்பர் கடைசியில் சென்னிமலையில் உச்சிவெயில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். லிஸ்பனில் 28 பாகைதான். நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போவதால், வடக்குப் பார்த்த சுவரில் வெயில் விழாது. ஓட்டின் நிறத்துக்கு அந்தச் சுவர்தான் நல்லது. நிழலில் நீலம் மேலும் நீலமாகும் என்பதால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'நிழல்' என்று மாற்றிவிடுங்கள். செதுக்கலுக்கு வெயில் பக்கவாட்டில் உரசிப் போக வேண்டும்: கிழக்குப் பார்த்த கதவைப் பதினொன்றரை மணிக்கும், மேற்குப் பார்த்ததை ஒன்றரைக்கும் எடுங்கள். குறுகிய சந்தில் எதிர்வீடு வெயிலை மறைத்துவிடும். அகலமான தெருவாகப் பாருங்கள்.

வெள்ளையடிப்பது பெரும்பாலும் வானத்தின் பிரதிபலிப்பு. லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் அதைக் குறைக்கும், ஆனால் கேமரா சுவரை 35 பாகை அளவில் சாய்வாகப் பார்க்கும்படி நின்றால்தான். நேருக்கு நேர் நின்று எவ்வளவு திருகினாலும் பலன் இருக்காது. வெளிச்சம்தான் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறையும். உங்களுக்கோ ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் டிசைன் துண்டு) கோணாமல் வர நேரே நின்றுதான் எடுக்க வேண்டும். அப்போது எதிரே இருண்ட கட்டடம் உள்ள சுவராகத் தேர்ந்தெடுங்கள். கருஞ்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை ஓட்டில் தெரியும்.

ஓடு ஒன்று ஏறக்குறைய 14 செ.மீ. சதுரம். பல டிசைன்களில் நாலு ஓடு சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும். ஆகவே குறுக்கே நாலு, நெடுக்கே நாலு, மொத்தம் 16 ஓடாவது ஒரே படத்தில் வரட்டும். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் ஓரக்கோடுகள் வளையும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். ஒரு படத்தில் அளவு டேப்பும் இருக்கட்டும்.

இதெல்லாம் யாரும் செய்யக்கூடியது. டிசைன் போடுகிற கண் நின்று பார்க்க வேண்டியது பார்டர் மூலையில் திரும்பும் இடத்தை. கொடி அங்கே வெட்டுப்படுகிறதா, தனி மூலை ஓடு வைத்திருக்கிறார்களா, ஜன்னலோரம் பாதிப் பூவை எப்படி முடித்திருக்கிறார்கள்? போஸ்ட்கார்டுகளில் இது அகப்படாது. போர்வையின் நாலு மூலைக்கும் இதுதான் வேண்டும். ஒரு சுவருக்கு முழுத் தோற்றம் ஒன்று, ரிப்பீட் ஒன்று, மூலை இரண்டு.

கேள்வி: கதவுக் குமிழை மொபைலில் கிட்டே வைத்து எடுத்தால் மங்குகிறதே?
– வாசகர், பல்லடம்

பதில்: பல போன்களின் முக்கிய லென்ஸ் ஒரு சாணுக்குள் ஃபோகஸ் ஆகாது. உடனே போன் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவும். குமிழ் புடைத்துத் தெரியும், போனின் நிழலும் விழும். இரண்டு சாண் தள்ளி, 2 மடங்கில், முழங்கையை விலாவில் ஒட்டி எடுங்கள். திரையில் பித்தளை மின்னும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிடுங்கள்.